எக்ஸ்சேஞ்ச் அக்கா யாரோடு பேசினார்

பிற்பகலில் அவர் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே யாரோ ஒருவர் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். முற்றத்தில் இருக்கும் எங்களுக்கு வார்த்தைகள் சரியாகப் பிடிபடாது. ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கும். பெரும்பாலும் அவருடைய குரல்தான். நடுவே தடித்த ஓர் ஆண்குரல் குறுக்கிடும். மறுபடியும் அவர் குரல், இன்னும் அழுத்தமாக. கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கும். தாழ்ப்பாள் திறக்கும். அவர் மட்டும் வெளியே வந்து கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போல அரிசி களையப் போவார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வெளியே வந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் தெருவில் இருந்தது அந்த வீடு. நான்கு குடித்தனங்கள், நடுவில் முற்றம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஐம்பதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி அங்கே வந்தேன். என் கணவருக்கு மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளி மொத்தக் கடையில் வேலை. வீட்டில் நாங்கள் இருவரும் என் மாமியாரும். வாசலை ஒட்டிய ஒற்றை அறைக் குடித்தனத்தில்தான் நான் முதலில் சொன்னவர் இருந்தார், தனியாக.

திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவருக்கு உத்தியோகம். அதனால் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் எக்ஸ்சேஞ்ச் அக்காதான். நாற்பதை ஒட்டிய வயது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. வீட்டுக்காரர் பம்பாயில் இருக்கிறார் என்று சொல்வார். ஆனால் பம்பாயிலிருந்து கடிதம் வந்து யாரும் கண்டதில்லை. தீபாவளிக்கும் ஆள் வந்ததில்லை. அதைப் பற்றிக் கேட்டால், வேலை அப்படி என்பார். எந்த வேலை என்று கேட்பதற்குள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

அவரைப் பற்றி முதலில் யாரும் கவனிப்பது அந்த நிதானத்தைத்தான். கிணற்றடியில் அவருடைய முறையை வேறொருத்தி எடுத்துக்கொண்டால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்பார். காயப்போட்ட அவர் புடவையை எதிர்க் குடித்தனத்துப் பிள்ளைகள் சேற்றில் இழுத்துவிட்டபோது திரும்ப அலசிப் போட்டார். யாராவது அவரிடம் படபடவென்று பேசினால், "கொஞ்சம் காத்திருங்க" என்பார். எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஒட்டிக்கொண்ட வார்த்தை அது. ஒரு தேங்காய் எண்ணெய்க்காரனிடம்கூட அதே குரலில் அப்படிச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

என் மாமியாருக்கு அந்த நிதானம் பிடிக்கவில்லை.

"கோபமே வராத பொம்பளை எங்கேயாச்சும் உண்டா? அவ அதை எங்கேயோ கொண்டுபோய் வைக்கிறா. எங்கேன்னுதான் தெரியலை" என்பார் என்னிடம்.

மாமியார் என்னிடம் முகத்துக்கு நேராக ஒரு கடுஞ்சொல் சொன்னவர் அல்ல. பிடிக்காதது ஏதாவது நான் செய்துவிட்டால் பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகக் கீழே வைக்கப்படும், அவ்வளவுதான். ராத்திரி அவருக்குத் தூக்கம் சரியாக வராது. பிடரியில் வலி என்று நீலகிரித் தைலம் தேய்த்துக்கொள்வார். ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொல்லி உப்பைக் குறைத்திருந்தார். பகலெல்லாம் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வாசல் அறையைப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்ற கணக்கு அவரிடம் இருந்தது. அந்தக் கணக்கில்தான் ஆண்குரல் இடித்தது. உள்ளே போகிற ஆளும் இல்லை, வெளியே வருகிற ஆளும் இல்லை. குரல் மட்டும் எப்படி?

ஒருநாள் அந்த அறை வாசலில் கழுவுவதற்காக இரண்டு டம்ளர்கள் இருந்தன. மாமியார் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒன்று காப்பிக்கு, இன்னொன்று தண்ணீருக்காக இருக்கலாமே என்றேன். அவர் என்னையும் ஒருமாதிரி பார்த்தார். அதற்குப் பிறகு அப்பளம் காயப்போடும் வேலை எனக்கு வந்தது. முற்றத்தில் எவ்வளவோ இடம் இருந்தும், பாயை வாசல் அறையின் ஜன்னலுக்குக் கீழேதான் விரிக்க வேண்டும் என்றார்.

அப்பளத்துக்கு நான் காவல் இருந்த அந்த நாட்களில்தான் எனக்கும் சந்தேகம் தொற்றியது. உள்ளே ஆண்குரல் கேட்டது நிஜம். "என்னம்மா தூங்கறியா?" என்று அது அதட்டியது. "தூங்கலை ஐயா. உங்களை மாதிரி இன்னும் பத்துப் பேர் லயன்ல இருக்காங்க. நீங்க ஒருத்தர் மட்டும் இந்த ஊர்ல இல்லை" என்றது அக்காவின் குரல். அப்படி ஒரு காரத்தை அந்தக் குரலில் நான் வெளியே கேட்டதே கிடையாது.

நான் கேட்டதைச் சொன்னதும் மாமியார் எழுந்துவிட்டார். நேராகப் போய்க் கதவைத் தட்டினார். நானும் பின்னால் நின்றேன். தாழ்ப்பாள் உடனே திறந்தது.

அறையில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு பெட்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ், சுவரைப் பார்த்துப் போட்ட ஒரு மர நாற்காலி. வேறு யாரும் இல்லை. மாமியார் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். ஊறுகாய் ஜாடி இருந்தது. கதவுக்குப் பின்னால் பார்த்தார். அக்கா ஓரமாக நின்று வழிவிட்டார்.

"அந்த ஜன்னல் கம்பியையும் ஆட்டிப் பாத்துடுங்கம்மா. அப்புறம் மனசுல சந்தேகம் வேண்டாம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. மாமியார் நிஜமாகவே கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

என்னை மட்டும் அக்கா உட்காரச் சொன்னார். அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது.

ஊரில் டெலிபோன் வைத்திருந்தவர்கள் அப்போது கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரும் பேச வேண்டுமென்றால் இவரைப் போல ஒருத்தி பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நம்பர் கேட்டு ஒயரைத் துளையில் செருகிக் கொடுக்க வேண்டும். மெட்ராஸ் டிரங்க் கால் கிடைக்கத் தாமதமானால் திட்டு இவருக்கு. மறுமுனையில் யாரும் எடுக்காவிட்டாலும் திட்டு இவருக்கு. சில பேர் வாயில் வரக்கூடாததெல்லாம் வரும். பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. பின்னால் சூப்பர்வைசர் நடந்துகொண்டே இருப்பார். காத்திருங்க, லயன் பிஸி, பேசலாம் என்று சொல்ல அனுமதித்த வார்த்தைகளை மட்டும்தான் சொல்லலாம்.

இதற்கு முன் இருந்த ஊரில் எல்லாவற்றையும் முழுங்கிக்கொண்டே இருந்தாராம். முதலில் தூக்கம் போனது. பிறகு காலையில் எழுந்திருக்கும்போது தாடை இறுகிக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் ஆனது. தலையில் காலணா அளவுக்கு முடி கொட்டியது. ஒயரைப் பிடிக்கிற கை நடுங்கி, ஒரு துளைக்குப் பதில் இன்னொரு துளையில் செருகினார். பரிசோதித்துப் பார்த்த லேடி டாக்டர் ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இந்த வயதில் இது எப்படி வந்தது என்று வெகுநேரம் விசாரித்தாராம். கடைசியில் அவர் சொன்னதைத்தான் அக்கா அப்படியே என்னிடம் திருப்பிச் சொன்னார். "நாள் பூரா முழுங்கறதை எங்கேயாவது துப்பணும்மா. இல்லேன்னா அது உடம்பைத்தான் தின்னும்."

அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. டூட்டி முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, அன்றைக்குத் திட்டியவர்களை ஒவ்வொருவராக நாற்காலிக்கு எதிரே நிறுத்துவார். அவர்கள் பேசியதை அவர்கள் குரலிலேயே பேசிவிட்டு, சொல்லியிருக்க வேண்டிய பதிலைச் சொல்லுவார். பதில் தீர்ந்ததும் எழுந்துவிடுவார். அதற்குமேல் அவர்களை நினைக்கக் கூடாது. அப்படி ஒரு கட்டுப்பாடு.

எனக்காக ஒரு வியாபாரியின் குரலைப் பேசிக் காட்டினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை புஸ்ஸென்று மூச்சுவிடும் ஒரு குரல். அது என் கணவருடைய முதலாளி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இருந்தாலும் யார் என்று கேட்டேன். "அதைச் சொல்லக்கூடாதும்மா" என்று முடித்துவிட்டார்.

மாமியாரிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "ஆள் பின்பக்கச் சுவர் ஏறிப் போயிருப்பான்" என்றார்.

மாமியாரின் சந்தேகத்தை நான் விட்டுவிட்டேன். ஆனால் எனக்கென்று ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. அப்பளப் பாயில் உட்கார்ந்திருந்தபோது நான் கேட்டதெல்லாம் திட்டும் பதிலும் மட்டுமல்ல. எல்லாம் முடிந்த பிறகு, கதவு திறப்பதற்கு முன், அக்காவின் குரல் தணிந்து வேறு மாதிரி ஆகும். "இன்னிக்கு வாழைக்காய்தான் வாங்கினேன், பிஞ்சா இருந்துச்சு" என்று யாரிடமோ சொல்வார். "நீங்க அப்பவே சொல்லியிருக்கலாம்" என்பார். இது எக்ஸ்சேஞ்சில் திட்டிய எந்த வியாபாரிக்கும் சொல்கிற பதில் இல்லை. அந்த ஆளைப் பற்றி மட்டும் அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அறுபதுகள் பிறந்த பிறகு, ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில், தகரப்பெட்டியோடு ஒருவர் வாசலில் வந்து நின்றார். மெலிந்த உடம்பு, நரைத்த கிராப்பு, சாந்தமான முகம். அக்கா டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கையில் சாப்பாட்டு டப்பாவோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, "உள்ள வாங்க. சாதம் இருக்கு, ரசம் இருக்கு. நான் மூணு மணிக்கு வருவேன்" என்று சொல்லிவிட்டு ஜங்ஷன் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

பம்பாய் வீட்டுக்காரர் வந்துவிட்டார். அத்தனை வருஷம் அவரை ஒரு கட்டுக்கதை என்று நினைத்திருந்த வீடு அவரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. அவரும் தங்கமாகத்தான் இருந்தார். பெண்களுக்குக் கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கொடுப்பார். பேப்பரை உரக்கப் படித்துக் காட்டுவார். கடல், டிராம், மழை என்று பம்பாய்க் கதைகள் சொல்வார். நடுநடுவே இருமல் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். மாமியாருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இப்படி ஒரு மனிதரைத் தனியாக விட்டுவிட்டு இவள் இத்தனை வருஷம் இங்கே உட்கார்ந்திருந்தாளே என்று பேச்சே திரும்பிவிட்டது.

இந்த முறை சந்தேகம் எனக்குத்தான். அவர் கதைகளில் பம்பாய் இருந்தது, அவர் எங்கே குடியிருந்தார் என்பது இல்லை. யாரோடு சாப்பிட்டார் என்பது இல்லை. எதிர்க் குடித்தனத்துக்காரிக்குக் காய்ச்சல் கண்டிருந்த ஒரு காலை. அவள் பெண், பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்ன ஆளில்லாமல் அழுதுகொண்டு நின்றது. அவர் அதைக் கூப்பிட்டுத் தன் முன்னால் உட்காரவைத்தார். சீப்பால் வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் இறுக்கமாகப் பின்னி, மடித்து, ரிப்பனைப் பூப்போல முடிந்துவிட்டார். ஒரு மயிர் பிசிறவில்லை. குழந்தை தலையை ஆட்டிக்கொண்டே ஓடியது. எல்லாரும் சிரித்தார்கள். அக்கா குடத்தோடு கிணற்றடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடம் நிரம்பி வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

பிள்ளை குட்டி இல்லாத ஓர் ஆம்பிளை அப்படிப் பின்ன முடியுமா என்று நான் அன்றிரவு என் கணவரிடம் கேட்டேன். அவருக்கு எதற்குச் சந்தேகப்படுகிறேன் என்றே புரியவில்லை.

வீட்டுக்காரர் வந்த நாளிலிருந்து அக்காவின் அறைக்கதவு சாத்தப்படவே இல்லை. சாத்த முடியாது. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். அக்கா டூட்டியிலிருந்து வந்து, முகம் கழுவி, சமைத்து, பரிமாறி, பாயை விரிப்பார். காற்றாட ஆற்றங்கரைப் பக்கம் போனாலும் அவர் துணைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். பொங்கலுக்குள் அக்காவின் முகம் மாறிவிட்டது. பேசும்போது ஒரு பக்கத் தாடையைக் கையால் அழுத்திக்கொள்வார். வகிட்டுக்குப் பக்கத்தில் முடி மெலிந்திருந்தது. எக்ஸ்சேஞ்சில் கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டிய டெலிபோன் அழைப்பை ஒரு அரிசி மண்டிக்குக் கொடுத்துவிட்டாராம். எழுத்துமூலமாக விளக்கம் கேட்டிருந்தார்கள்.

ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது அக்காவின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. துவைகல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான்தான் அவரைப் பெரிய கடை வீதியில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப்போனேன்.

டாக்டர் அக்காவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவாக விளக்கினார். நாய் துரத்தினால் ஓடுகிறோம், அப்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும், ரத்தம் வேகமாகப் போகும், உடம்பு அதற்காகவே செய்யப்பட்டது. நாய் போனதும் உடம்பு அடங்கிவிட வேண்டும். உங்களுக்கு அது அடங்கவே இல்லை, வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கிறீர்கள். இப்படியே போனால் ரத்தக்குழாயும் இருதயமும் சிறுநீரகமும் தேய்ந்துபோகும், ஒருநாள் கைகால் விழுந்துவிடும் என்றார். மாத்திரை எழுதினார். மாத்திரை மட்டும் போதாது என்றும் சொன்னார்.

"வீட்டுல ஏதாவது கவலை இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லைங்க டாக்டர்" என்றார் அக்கா.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மாத்திரைச் சீட்டை எடுத்து மடித்துக்கொண்டேன்.

அடுத்து நடந்ததற்கு என் மாமியார்தான் காரணம். அந்த மனிதர்மேல் இருந்த பிரியத்தில், அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த அறையில் மத்தியான நேரத்தில் கேட்ட ஆண்குரலைப் பற்றிச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் புழுக்கம் தாங்காமல் எல்லாரும் முற்றத்தில் இருந்தோம். அக்கா முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர், கதை சொல்கிற அதே மெல்லிய குரலில் ஆரம்பித்தார்.

"நான் இல்லாதப்போ மத்தியானத்துல கதவைச் சாத்திக்கிட்டு யார்கிட்டயோ பேசுவியாமே. ஆம்பளைக் குரல் கேக்குமாம். நாலு பேர் சொல்றாங்க. யாரு அது?"

அக்கா முறத்தைக் கீழே வைத்தார்.

"நீங்கதான்" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. வீட்டுக்காரர் லேசாகச் சிரித்தார்.

"நீங்கதாங்க அது. மத்தவங்களோட சண்டையெல்லாம் முடிஞ்சதும் உங்ககிட்டதான் பேசுவேன். நீங்க என்ன பதில் சொல்வீங்களோ அதையும் நானே சொல்லிக்குவேன். இப்ப நீங்களே வந்து யாருன்னு கேக்கறீங்க. கேட்டுட்டீங்க இல்ல, உக்காருங்க."

அவர் எழுந்து அறைப்பக்கம் நகர்ந்தார். "கொஞ்சம் காத்திருங்க" என்றார் அக்கா. எக்ஸ்சேஞ்ச் குரல். அவர் நின்றார். பிறகு துவைகல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கத்தவில்லை, அழவும் இல்லை. ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு போனார். மூன்று மாதத்தில் வந்து அழைத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் பம்பாய்க்கு ரயிலேறியது. ஜீயபுரத்தில் நாத்தனார் வீட்டில் இவரை விட்டது. ஒவ்வொரு முறை டவுன் பஸ் வரும்போதும் இவர் வாழைத்தோட்டத்து ஓரம் போய் நின்று பார்த்தது. உன் ராசிதான் என் தம்பியைத் துரத்தியது என்று நாத்தனார் சோறு போடும்போது சொன்னது. பரீட்சை எழுதி வேலைக்குப் போனது. போன ஊரிலெல்லாம் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டவர்களுக்கு நல்ல வேலை, நல்ல மனுஷர், லீவு கிடைக்கவில்லை என்று சொன்னது.

"ஊர் ஊரா உங்களை உத்தமரா வச்சிருந்தேன். தலைமுடி கொட்டின அன்னிக்கும் அப்படித்தான் சொன்னேன்" என்றார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"எந்தப் பொண்ணு?"

"நீங்க தலை பின்னிப் பழகின பொண்ணு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பன்னெண்டு" என்றார்.

"அவ அம்மா?"

"இருக்கா. என்னைப் போகச் சொல்லிட்டா."

"அது ஏன்னு நான் கேக்கப் போறதில்லை. அது உங்க ரெண்டு பேர் சமாச்சாரம். சீக்கு வந்ததும் என் ஞாபகம் வந்ததே, அதைக்கூட நான் தப்பு சொல்லலை. வந்த அன்னிக்கே இதை நீங்க சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். நீங்க சொல்லலை. நானும் கேக்கலை. கேக்காம இருந்ததுக்கு என் மூக்குல ரத்தம் வந்துச்சு. இனிமே என்னால முடியாது."

அவ்வளவுதான். முறத்தை எடுத்துக்கொண்டு அக்கா உள்ளே போனார். அன்றைக்கும் இரண்டு பேருக்குத்தான் சமைத்தார்.

சில நாட்களில் வீட்டுக்காரர் ஜீயபுரத்துக்குத் தன் அக்காள் வீட்டுக்குப் போனார். பஸ் ஸ்டாண்டுவரை போய் ஏற்றிவிட்டு வந்தவரும் அக்காதான். வீட்டில் இதைப் பற்றி ஆளுக்கொன்று பேசினார்கள். கட்டினவனை நாலு பேர் முன்னால் கேள்வி கேட்டுவிட்டாள் என்று சொன்னவர்கள் உண்டு. பெண்களில் இரண்டொருவர் ஒன்றும் சொல்லாமல் அவருக்குக் கிணற்றடியில் முதலில் இடம் விட்டார்கள். அக்கா அந்த வாரம் முழுக்க டூட்டி முடிந்து வந்து தூங்கினார். கதவைத் திறந்துபோட்டுக்கொண்டே தூங்கினார்.

டாக்டரிடம் மறுபடி போனபோதும் நான் கூடப் போனேன். கொதிப்பு நன்றாக இறங்கியிருந்தது, ஆனால் முழுக்க இறங்கவில்லை. இத்தனை வருஷம் ஏறி நின்றது இனி முழுதாக இறங்குமா என்பது சந்தேகம்தான், மாத்திரையை நிறுத்தவே கூடாது என்றார் டாக்டர். அக்கா தலையாட்டினார். ஊறுகாயை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். காலையில் சீக்கிரமே கிளம்பி, காவிரிப் பாலத்தை நடந்தே தாண்டி அந்தப் பக்கம் பஸ் ஏறினார். எக்ஸ்சேஞ்சில் திட்டுகிறவர்களுக்கு மட்டும் எப்போதும் போல அறையில் பதில் சொல்லிக்கொண்டார். வாழைக்காயைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்து வாங்கிக்கொண்டு ஜீயபுரம் போவார். சாயங்காலம் திரும்பிவிடுவார். ஏன் போகிறார் என்று மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தார். சமாதானமாகிவிட்டார்கள் என்றார் ஒருநாள். இல்லை, ஏதோ எழுதி வாங்கப் போகிறாள் என்றார் இன்னொரு நாள். நான் ஒருமுறை நேராகவே கேட்டேன். "சும்மா பேசறதுக்குத்தான்மா. அவரும் இப்ப கொஞ்சம் பேசறார்" என்றார் அக்கா.

இரண்டு வருஷம் போல அப்படி நடந்தது. பிறகு அவர் அங்கேயே இறந்துபோனார். அக்கா போய், ஆக வேண்டியதெல்லாம் ஆனதும் திரும்பி வந்தார். தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தலையோடு அறையில் உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்க மாமியாரும் நானும் போனோம்.

மாமியார் அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தபோதும் அதே பார்வைதான்.

"ஒரு சொட்டுக் கண்ணீர் வரலையேம்மா உனக்கு" என்றார்.

"அவர்கிட்ட சொல்ல வேண்டியது எல்லாத்தையும் அவர் காதுல விழும்படியே சொல்லிட்டேன்மா. அவரும் சொல்லிட்டார். பாக்கி இருந்தா அழுகை வரும்போல" என்றார் அக்கா. பிறகு, "நீங்க பிடரியைப் பிடிச்சுக்கிட்டே இருக்கீங்களே, வலி ஜாஸ்தியா?" என்று கேட்டார்.

மாமியார் கையை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நான் அடுப்பு மூட்டினேன். மாமியார் ஜன்னல் பக்கம் போகவில்லை. சமையலறை வாசற்படியில் வந்து நின்றார். பாத்திரத்தைச் சத்தமாக வைப்பார் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன். கையில் பாத்திரம் எதுவும் இல்லை.

"அதை இறக்கி வச்சுட்டு இப்படி வந்து உக்காரு. உங்கிட்ட சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு" என்றார்.

உட்கார்ந்தேன். தலைதீபாவளியில் ஆரம்பித்தார். என் அப்பா அவரை "வாங்க" என்று சொல்ல மறந்தது, நான் போடும் காப்பி, பண்டிகை நாளில் நான் கட்டிய புடவை, அவர் கூப்பிட்டு நான் காதில் வாங்காத நேரங்கள் எல்லாம் வந்தன. பாதிக்குமேல் என் குறைகள்தான். நடுவில் ஓரிடத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. முதல் நாளிலிருந்தே, நான் அவர் மகனைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடுவேன் என்று பயந்துகொண்டிருந்தாராம். ராத்திரி நாங்கள் மெதுவாகப் பேசினால் அதைத்தான் பேசுகிறோம் என்று விழித்துக்கொண்டே படுத்திருப்பாராம். நான் குறுக்கே பேசவில்லை. விளக்கு வைக்கும் நேரம் தாண்டிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவுதான்" என்றார்.

பிறகு என் முறை வந்தது.